வேருக்குப் பின்னால் கிடந்த பந்து

பாண்டிச்செல்விக்கு இருப்புக் கொள்ளவில்லை. தம்பி கோகுல்ராஜ் தொழில்முறை கோல்ஃப் ஆட ஆரம்பித்து ஆறு வருடமாகிறது. அவன் ஆட்டத்தை நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. போட்டி கொடைக்கானலிலேயே நடக்கிறதென்றதும், பூம்பாறையில் பூண்டு பிடுங்கும் வேலையைப் புருஷனிடம் விட்டுவிட்டுக் காலை முதல் பஸ்ஸில் ஏறி வந்துவிட்டாள்.

இன்று இரண்டாம் நாள் ஆட்டம். இதில் தேறினால்தான் நாளைக்கு ஆட முடியும். பார்க்க வந்தவர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நடக்க வேண்டும், அடிக்கும்போது பேசக்கூடாது. முந்தானையைத் திருகியபடி குழிக்குக் குழி நடந்தாள். நல்ல அடியா, மோசமா என்பதை அவன் முகத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தாள்.

பதினாறாவது குழிக்கு வந்தபோது அந்த முகத்தைப் பார்க்கவே பயமாயிருந்தது. முன்னாலேயே போய் பைன் மரங்களுக்குள் நின்றாள். நின்றாள் என்பது பேச்சுக்கு. மரத்துக்கு மரம் நடந்துகொண்டிருந்தாள். கிளையில் பந்து பட்டு விழும் சத்தம் கேட்டது. தடித்த வேர் ஒன்றின் பின்னால் வெள்ளையாகக் கிடந்தது. பதறி விலகியவளின் கால் பந்திலேயே இடறியது. பந்து உருண்டு, மரமே மறைக்காத வெட்டவெளியில் போய் நின்றது.

கோகுல்ராஜ் வந்து பார்த்தான். "தப்பிச்சோம்ண்ணே" என்றான், மட்டைப் பையைச் சுமந்து வந்தவரிடம்.

அவள் கால் பட்டதை வேறு யாரும் பார்க்கவில்லை. அவன் மட்டையை உருவினான்.

"ஏலே, அடிக்காத. பந்து அங்கன இல்ல. என் காலு பட்டு உருண்டுருச்சு."

நடுவரை அழைத்தார்கள். "எங்கம்மா கெடந்துச்சு? சரியாக் காட்டுங்க" என்றார் அவர்.

"இந்த வேருக்குப் பின்னாலங்க."

வெளியாள் கால் பட்டதற்குத் தண்டனை இல்லை. ஆனால் பழைய இடத்தில் வைத்துத்தான் ஆட வேண்டும் என்றார் நடுவர். பந்தை அங்கிருந்து வெளியே எடுக்கவே ஓர் அடி போயிற்று. சாயங்காலம் பட்டியல் போட்டபோது, அந்த ஓர் அடி கூடிப்போனதில்தான் அவன் தேறவில்லை.

பையோடு அவன் வெளியே வரும்வரை வாசலில் இங்கும் அங்குமாக நடந்தாள்.

"நான் வராமயே இருந்துருக்கலாம்ப்பா."

"நீ வராட்டியும் பந்து வேருக்குப் பின்னாலதான கெடந்துருக்கும்?"

"கோவமா?"

"இருக்கு" என்றான். பையைத் தோள் மாற்றிக்கொண்டான். "நாளைக்கு ஆட்டமில்ல. வீட்டுக்கு வாரேன்க்கா."

பூம்பாறை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அவன் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டான். உண்மையிலேயே தூங்குகிறானா என்று அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.