கல்லுப்பட்டி ஜமீன் வாசக்கால்

பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு கேட்கமாட்டார்கள் என்று அகிலாண்டம் நினைத்துக்கொண்டாள். வில்லாபுரம் போகிற ரோட்டில், நல்லகாமனின் பழைய மரக்கடையில், புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். முன்னால் அவள் கணவர் சாம்பசிவம் ஒவ்வொரு மரத்திடமும் குலம் கோத்திரம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"இது எந்த வீட்டு உத்திரம்?"

"வக்கீல் வீட்டுது சாமி. மகன் ரெண்டு பேரும் பம்பாயில."

"ஏன் இடிச்சா? கடனா?"

"கடனா? அவுகளுக்கா? எடம் பத்தாம இடிச்சாக சாமி. அம்புட்டு சனம் பெருகிப்போச்சு."

சாம்பசிவம் திருப்தியாகத் தலையாட்டினார். அந்த உத்திரம், தெற்குவாசல் பக்கம் ஓடாமல் நொடித்துப்போன ஒரு சினிமாக் கொட்டகையில் இருந்து வந்தது. பக்கவாட்டில் 'பெண்கள்' என்று எழுதியிருந்த அம்புக்குறியின் பாதி இன்னும் அழியவில்லை. சாம்பசிவம் அதைப் பார்க்கவில்லை. அவருக்கு மரத்தைப் பார்க்கும் வழக்கம் கிடையாது, மரத்தைப் பற்றிக் கேட்கும் வழக்கம்தான் உண்டு.

மதுரையில் அப்போது வீடு கட்டுகிற எல்லாருமே அப்படித்தான் இருந்தார்கள். பர்மாத் தேக்கு வருவது என்றைக்கோ நின்றுவிட்டது. புது மரம் வாங்கினால் ஒரு கோடையில் முறுக்கிக்கொள்கிறது, கதவு சாத்த ஆள் வைக்கவேண்டியிருக்கிறது. அதனால் ஊருக்குள் இடிபடும் பழைய வீடுகளின் மரத்துக்குத் திடீரென்று மவுசு வந்துவிட்டது. ஆனால் மரத்தோடு அந்த வீட்டின் தலையெழுத்தும் ஒட்டிக்கொண்டு வரும் என்று ஒரு பயம். வாழ்ந்த வீட்டு மரம் வாழவைக்கும், கெட்ட வீட்டு மரம் கெடுக்கும். ஆகவே நல்லகாமன் கடையில் கெட்ட வீட்டு மரம் ஒரு துண்டுகூடக் கிடையாது. ஏலம் போன வீடு, பங்காளிச் சண்டையில் இரண்டுபட்ட வீடு, தூக்கு மாட்டிக்கொண்ட வீடு எல்லாம் மதுரையில் இடிபட்டவுடனே ஆவியாகிப் போய்விடும் போலிருக்கிறது. அவர் கடைக்கு வருவதெல்லாம் டாக்டர் வீடும் ஜட்ஜ் வீடும்தான்.

"வாசக்கால் ஒண்ணு நல்லதா வேணும்," என்றார் சாம்பசிவம். "தலைவாசலுக்கு. அதுதான் முக்கியம். பாக்கியெல்லாம் எப்படியிருந்தாலும் பரவாயில்லை."

நல்லகாமன் வந்தவருடைய வெள்ளை வேட்டியையும் விபூதிப் பட்டையையும், சட்டைப் பையில் செருகியிருந்த இரண்டு பேனாக்களையும் ஒரு தரம் பார்த்தார். அரசாங்க ஆபீஸில் சூப்பிரண்டு என்று முன்னமே சொல்லியாகிவிட்டது. பிறகு இரகசியம் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு இருக்கு சாமி. எல்லாருக்கும் காட்டுறதில்ல. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு ஜமீன். அரமனை நிலை."

கொட்டகையின் பின்பக்கம், சாக்குப் படுதாவை விலக்கிக் காட்டினார். நிலை சுவரில் சாய்ந்து நின்றது. இழைத்து, எண்ணெய் ஊட்டி, வார்னிஷ் பூசி, வெயில் பட்ட இடத்தில் தேன் நிறத்தில் மின்னியது. மேல்கட்டையில் தாமரைப் பூவும் இரண்டு கிளிகளும்.

"பாத்தியா அகிலா!" என்றார் சாம்பசிவம். "ஜமீன்னா ஜமீன்தான். அந்தக் களையே தனி. நம்ம ஆத்துலயும் இருந்துதே ஒண்ணு, தரித்திரம்."

அகிலாண்டத்தின் பார்வை கிளிகளின் மேல் நின்றுவிட்டது. இடதுபக்கக் கிளிக்கு மூக்கு கிடையாது.

கிட்டே போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். மேல்கட்டையில் வரிசையாக ஆணித் துளைகள், மெழுகும் மரத்தூளும் வைத்து அடைத்திருந்தது. ஒவ்வொரு பண்டிகைக்கும் ஸ்டூலில் ஏறி மாவிலைத் தோரணம் கட்டிய ஆணிகள். கீழே குனிந்தாள். வாசல்படிக் கட்டையின் வலது ஓரத்தில், கார்த்திகைக்குக் கார்த்திகை அகல் வைத்துக் கருகிய இடத்தைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். கறை போயிருந்தது, பள்ளம் போகவில்லை.

வடக்கு மாசி வீதியை ஒட்டின சந்தில், சாம்பசிவத்தின் அப்பா கட்டின வீட்டு வாசக்கால் அது. பச்சை எனாமல் பெயிண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிப் பூசி, கிளி எது பூ எது என்று தெரியாமல் வைத்திருந்தார்கள். போன வருஷம்தான் அந்த வீட்டை ஒரு லாட்ஜ்காரரிடம் விற்றார்கள். ராசியில்லாத வீடு என்று சொல்லி, இடிக்கிற இடத்துப் பக்கம்கூட சாம்பசிவம் போகவில்லை. பிறந்ததிலிருந்து அந்த வாசலில் போய்வந்த மனிதர், அதன் எதிரில் நின்று கையைக் கட்டிக்கொண்டு, ஜமீன் களை என்கிறார்.

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு வேறொன்று வந்தது.

ராசியில்லை என்ற பேச்சு முதலில் வீட்டைப் பற்றி வரவில்லை. அவளைப் பற்றித்தான் வந்தது. அவள் கல்யாணமாகி உள்ளே நுழைந்த வருஷம் மாமனார் படுக்கையில் விழுந்தார். மைத்துனர் பாகம் கேட்டுப் பிரிந்து போனார். சாம்பசிவம் இலாகாப் பரீட்சையில் தோற்றார், அதற்குப் படிக்காதது காரணம் என்று யாருக்கும் தோன்றவில்லை. பிறந்த ஒரு குழந்தையும் தங்கவில்லை. எல்லாவற்றுக்கும் அவள் வலதுகால் வைத்த வேளைதான் காரணம் என்று நாத்தனார் வாலாம்பாள் தீர்ப்புச் சொன்னாள். பல வருஷம் கழித்து ஒரு ஜோசியர் வந்து, குற்றம் மருமகளிடம் இல்லை, வாசக்காலில் இருக்கிறது என்றார். வாலாம்பாள் அதையும் ஏற்றுக்கொண்டாள், முன்னதையும் விடவில்லை. "அவ கால் பட்டுத்தானே வாசக்கால் அப்படி ஆச்சு" என்றாள்.

இப்போது புது வீட்டுக்கு வாசக்கால் வைக்கும் நாள் குறித்தாயிற்று. வாசக்காலைப் பாலால் அலம்பி, முதல் மஞ்சளும் குங்குமமும் வைப்பது வீட்டுக்காரியின் உரிமை. அதைத் தன் மருமகள் வைப்பாள் என்று வாலாம்பாள் சொல்லிவிட்டாள். மருமகள் கைராசிக்காரி, அடுத்தடுத்து இரண்டு பிள்ளை பெற்றவள். "அகிலா, நீ அன்னிக்கு காபியைப் பாத்துக்கோ" என்றாள். சாம்பசிவம் அப்போது பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், தொடர்ந்து படித்தார்.

சாம்பசிவம் உத்திரத்தை இன்னொரு தரம் பார்க்க முன்பக்கம் போனதும் அகிலாண்டம் நல்லகாமன் பக்கம் திரும்பினாள்.

"எந்த ஜமீன்னு சொன்னேள்?"

"கல்லுப்பட்டிப் பக்கம்மா. பேரு சொல்லக்கூடாதுன்னு அவுக..."

"லாட்ஜ் கட்டறாளே, வடக்கு மாசி வீதிச் சந்துல. அங்கேர்ந்து வந்தது இது. இந்தக் கிளியோட மூக்கை உடைச்சது என் மச்சினர். சின்னப் பிள்ளையா இருக்கச்சே பம்பரம் எறிஞ்சு உடைச்சாராம்."

நல்லகாமன் வாயில் இருந்த வெற்றிலை அப்படியே நின்றது. முன்பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்தார்.

"அப்ப சாமி...?"

"அவர் ஆத்து வாசக்கால்தான்."

"அடக் கெரகமே. சத்தியமாத் தெரியாதும்மா. இடிக்கிறவன் லாரியில கொண்டாந்து எறக்குனான். நான் யாரு வீடுன்னே கேக்கல."

"மதுரையில அதைக் கேக்காதவர் நீங்க ஒருத்தர்தான் போலிருக்கு."

"சொல்லிட்டீகன்னா சாமி வாங்கமாட்டாக. தொலையுது, வேற நிலை காட்டுறேன். கடப் பேரக் கெடுத்துராதீக தாயி."

"நான் ஏன் சொல்றேன்? நீங்க சொன்னபடியே இருக்கட்டும். ஜமீன்தான்."

நல்லகாமன் அவளை ஒரு புது மரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். எந்தக் காட்டில் விளைந்தது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

அடுத்த வாரம் முழுவதும் சாம்பசிவம் ஜமீனைக் கட்டிக்கொண்டு அலைந்தார். ஆபீஸில் சொன்னார். கோயில் பிராகாரத்தில் சொன்னார். பால்காரனிடமும் சொன்னார். சொல்லச் சொல்ல ஜமீன் வளர்ந்தது. முதலில் குதிரைகள் வந்தன, அப்புறம் யானை ஒன்று வந்து அந்த வாசலில் தும்பிக்கையைத் தூக்கி நின்றது. கடைசியில் ஜமீன்தாரே ஒரு ஆபத்தில் இவருடைய தாத்தாவிடம் யோசனை கேட்டிருந்தார். அகிலாண்டம் குழம்புக்குப் புளி கரைத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பொய் சொல்கிறவரைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தன் பொய்யைத் தானே நம்பி, கண்கலங்குகிறவரை என்ன செய்வது?

முகூர்த்த நாள் காலையில், வில்லாபுரத்து மனையில் அஸ்திவாரத்தின் மேல் நிலையைத் தூக்கி நிறுத்தினார்கள். ஆசாரி தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தார். அடியில் நவதானியமும் பொட்டுத் தங்கமும் போட்டாயிற்று. வெயில் ஏறுவதற்குள்ளேயே ஆபீஸ்காரர்கள் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள், சாம்பசிவத்தின் மேலதிகாரி அனந்தராமனும் வந்திருந்தார். அவர் கிளிகளைத் தடவி, "ராஜ வேலைப்பாடு ஓய்!" என்றார். மீதிப் பணம் வாங்கவும், அப்படியே ஜமீனைப் பற்றி யாராவது கேட்டால் பதில் சொல்லவும் நல்லகாமன் ஒரு ஓரமாக நின்றார்.

வாலாம்பாள் நிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். போன வருஷம்வரை அதைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைச் சுளித்தவள்.

"தொட்டாலே தெரியறதுடா சாம்பு. உடம்பெல்லாம் சிலிர்க்கறது. வாழ்ந்தவா மரம்!"

செங்கல் அடுக்கின் நிழலில், மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் முன்னால் அகிலாண்டம் உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் குங்குமத் தட்டை வாலாம்பாள் தன் மருமகள் கையில் கொடுப்பதைப் பார்த்தாள். ஸ்டவ்வை அணைத்தாள். எழுந்து, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, சாம்பசிவத்தின் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏன்னா, ஒரு நிமிஷம்."

"என்னடி, முகூர்த்த வேளையில!"

அவர் காதருகில், மாதத்துக்கு எத்தனை படி அரிசி வேண்டும் என்று சொல்கிற குரலில் சொன்னாள்: "இது நம்மாத்து வாசக்கால். வடக்கு மாசி வீதிச் சந்து. உங்கப்பா வெச்சது. இடதுபக்கக் கிளிக்கு மூக்கு இருக்கான்னு பாருங்கோ."

சாம்பசிவம் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்திலிருந்து ஜமீன் மெதுவாக இறங்கியது. முதலில் யானை போயிற்று, பிறகு குதிரைகள். அவர் கண் நல்லகாமனைத் தேடியது. நல்லகாமன் தூரத்துப் பனைமரம் ஒன்றைக் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"உனக்கு... எப்போ தெரியும்?"

"கடையிலேயே தெரியும். இப்ப அது கிடக்கட்டும். எல்லார் முன்னாடியும் உரக்கச் சொல்லட்டுமா, இல்லை அந்தத் தட்டை என் கையில வாங்கிக் குடுக்கறேளா?"

அனந்தராமன் இன்னும் கிளியைத் தடவிக்கொண்டிருந்தார். அவரிடம் யானைக் கதையை இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. மருமகள் குங்குமத்தைக் குழைத்துவிட்டாள், விரலைத் தூக்கினாள்.

"இரு, இரு!" என்று கத்தினார் சாம்பசிவம். எல்லாரும் திரும்பினார்கள். "அக்கா, சொல்ல மறந்துட்டேன். ஜோசியர் சொன்னார். ஜமீன் மரம்னா அதுக்குன்னு ஒரு விதி இருக்காம். முதல் மஞ்சள் ஆத்துக்காரி கையாலதான் படணுமாம். வேற யார் தொட்டாலும் தோஷமாம்."

"எந்த ஜோசியர்டா?"

"அவர்... திருப்பரங்குன்றத்துல இருக்கார். பெரியவர்."

வாலாம்பாள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "முன்னாடியே சொல்றதுக்கென்ன, அசடு!" என்று மருமகள் கையிலிருந்து தட்டைப் பிடுங்கி, அகிலாண்டத்திடம் நீட்டினாள். "வாடி அகிலா, சீக்கிரம். வேளை போயிண்டிருக்கு."

அகிலாண்டம் பாலால் அலம்பினாள். மஞ்சள் பூசினாள். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகப் பூசிய அதே மரம், பெயிண்ட் இல்லாததால் இன்றைக்கு வாசனை மட்டும் வேறு. குங்குமப் பொட்டுகளை வரிசை தப்பாமல் வைத்தாள். பெரிய சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்திருந்தாள், வரவில்லை. இவர்கள் மெச்சுகிற கையும் இவர்கள் தள்ளுகிற கையும் ஒன்றுதான், நடுவில் இல்லாத ஜோசியர் ஒருவர் வந்து நின்றால் போதும். இவர்களிடமா இத்தனை வருஷம் நல்ல பெயர் கேட்டு நின்றோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே கொஞ்சம் ஏளனம் வந்தது. கடைசிப் பொட்டை மூக்கில்லாத கிளியின் நெற்றியில் வைத்தாள்.

கற்பூரம் காட்டி முடிந்ததும் கூட்டம் காபிக்கு நகர்ந்தது. வாலாம்பாள் நல்லகாமனை வளைத்துக்கொண்டாள்.

"ஏம்ப்பா, அந்த ஜமீன்லேர்ந்து வேற ஏதாவது இருக்கா? என் பையனும் மனை வாங்கியிருக்கான்."

நல்லகாமன் அகிலாண்டத்தைப் பார்த்தார். அவள் டம்ளர்களில் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"கொல்லப்பக்கத்து நிலை ஒண்ணு கெடக்கும்மா," என்றார். "அதுவும் அதே அரமனைதான்."

சாம்பசிவத்துக்குக் காபி புரையேறியது. இருமி இருமிக் கண்ணில் நீர் வந்தது. யாராவது தலையில் தட்டுங்கள் என்றார் அனந்தராமன்.

"எப்படி இருக்கும் அகிலா? நீ கடைக்குப் போனியே, பாத்தியோ?" என்றாள் வாலாம்பாள்.

அகிலாண்டம் அவளுக்கு ஒரு டம்ளரை நீட்டினாள்.

"பாக்கலை அக்கா. ஆனா நல்ல மரமாத்தான் இருக்கும். தைரியமா வாங்கிக்கோங்கோ. வேணும்னா முதல் மஞ்சள் நானே வந்து வெக்கறேன்."

"சேச்சே, நீயா? ஜோசியர் அந்தந்த ஆத்துக்காரின்னுதானே சொல்லியிருக்கார்," என்று வாலாம்பாள் காபியை ஆற்றத் தொடங்கினாள்.