சுல்தானுக்கு வந்த பொடி

சுல்தானின் கீழ்த்தாடை ரப்பரைப் போல வளைந்தது. யஹ்யா அதைச் சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சட்டென்று கையை எடுத்துக்கொண்டான்.

தென்னமெரிக்கச் சதுப்பு நிலத்துக் கொம்புத் தவளை அது. மேலப்பாளையத்தில் ஒரு மாடியறையின் கண்ணாடித் தொட்டிக்குள், ஆறிப்போன பணியாரம் போலக் குந்தியிருந்தது. பின்னங்கால்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. வாய்க்கால் வரப்பில் யஹ்யா பிடித்துவரும் வெட்டுக்கிளிகளில் வயிறு நிறையுமே தவிர எலும்புக்கு ஒன்றும் சேராது. அவற்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, கால்சியமும் வைட்டமினும் கலந்த பொடியைத் தூவிக் குலுக்கி, அவை உதறிவிடுவதற்குள் தவளைக்கு முன்னால் விட வேண்டும். அசைவதை மட்டுமே அது தின்னும். பழைய பொடி தீர்ந்த பிறகு மனிதர்களின் மாத்திரையை இடித்துத் தூவிப் பார்த்தான். ஒட்டவில்லை. கடைசியில் துபாயிலிருக்கும் மச்சானிடம் கெஞ்சி ஒரு டப்பா வரவழைத்தான். இந்த வாரமும் பொடி உள்ளே போகாவிட்டால் சுல்தான் பிழைக்காது என்பது அவனுக்குத் தெரியும்.

டப்பா வந்துவிட்டது. ஆனால் அது வந்த நாளில் யஹ்யா, தான் வேலைபார்க்கும் மீன் கடைக்கு வண்ணமீன் வாங்க நாகர்கோவில் போயிருந்தான்; திரும்பிவந்துதான் டப்பாவைத் தேடினான்.

"அந்த வெள்ளப் பொடியா?" என்றாள் அவன் உம்மா மும்தாஜ் பேகம். "முட்டுவலிக்குன்னுல்லா நெனச்சேன்! டப்பாவுல எலும்புப் படம் போட்டிருந்துச்சுலே."

"அத என்ன செஞ்சிய?"

"என்ன செய்வாங்க? பங்கு வச்சேன்."

வெளிநாட்டிலிருந்து பை வந்தால் பேரீச்சம்பழம், தைலம், அத்தர் எதுவானாலும் அண்டை வீடுகளுக்குப் பங்கு போகாமல் அந்தத் தெருவில் யாரும் தொடுவதில்லை. அப்படியே பொடியும் காகிதப் பொட்டலங்களில் போய், பாலில் கலந்து, வயிறுகளுக்குள் இறங்கிவிட்டது. எதிர்வீட்டு ஆபிதா பீவிக்கு மட்டும் ஒரு கண்ணாடிக் குப்பி நிறையப் போயிருந்தது. தெருவிலேயே சத்தமான முட்டி அவளுடையது.

யஹ்யா படியிறங்கி ஓடினான். எதிர்வீட்டு வாசலில் கிடந்த புதுச் செருப்புகளை அவன் கவனிக்கவில்லை. ஆபிதா பீவியின் மகன் ஹசன் அலிக்குப் பெண் தரப் பேட்டையிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள்.

"மாமி, அந்தப் பொடி மிச்சமிருந்தா தாங்க. எங்க தவளைக்கு உள்ளது."

"எதுக்கு உள்ளதுலே?"

"தவளைக்கு. காலு இழுத்துக்கிட்டுக் கெடக்கு மாமி."

சர்பத் தம்ளர்கள் அந்தரத்தில் நின்றன. பெண்ணின் பெரியம்மாதான் முதலில் சிரித்தாள். "அப்ப சம்பந்தியம்மா இனி நடக்க மாட்டாவ. தத்தித் தத்திதான் நிக்காஹுக்கு வருவாவ!" அறையே குலுங்கியது. ஆபிதா பீவி வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடி, குடலே வெளியில் வந்துவிடும்போல் வாந்தியெடுத்தாள். ஹசன் அலி சிரிக்கவில்லை. அவன் மாட்டுத் தரகன்; சந்தையில் அவனைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. அவன் பார்த்த பார்வையில் யஹ்யா வெறுங்கையோடு திரும்பிவிட்டான்.

வந்தவர்கள் பிடிகொடுக்காமல் எழுந்து போனார்கள். அவர்கள் கார் திரும்பியதும் ஹசன் அலி மாடியேறி வந்தான். ஒரு கையில் பூண் போட்ட மாட்டுக்கம்பு, மறுகையில் பொடிக்குப்பி.

"எங்க உம்மாவுக்குத் தவளத் தீனியா குடுத்திய?"

"ஹசன் அண்ணே, தெரியாம..."

கம்பு அவனைத் தாண்டிப் போய்த் தொட்டியில் விழுந்தது. கண்ணாடி வெடித்துச் சிதறியது. வெட்டுக்கிளி டப்பா உருண்டு திறந்துகொண்டது. ஈரமண்ணோடு சரிந்து தரையில் மல்லாந்த சுல்தானுக்குப் புரண்டு எழக்கூடத் தெம்பில்லை. ஹசன் அலி செருப்புக்காலை அதற்கு நேரே தூக்கினான்.

"தவளையக் கொல்லக்கூடாதுன்னு நபி சொன்ன ஹதீஸ் இருக்குலே!" படியில் நின்று மும்தாஜ் பேகம் அலறினாள். "வேண்டாம்லே! பாவத்தச் சொமக்காத!"

தூக்கிய கால் அப்படியே நின்றது. வெள்ளிதோறும் பள்ளிவாசலில் முதல் வரிசையில் நிற்பவன் அவன். காலைப் பைய இறக்கிவிட்டு யஹ்யாவைப் பார்த்தான்.

"தவளைக்குத்தானே இருக்கு? இவனுக்கு இல்லேல்லா?"

முதல் அடி தோளில். இரண்டாவது அடியில் யஹ்யாவின் காதுக்குள் ஓர் ஆறு பாயத் தொடங்கியது. எங்கோ மதகு திறந்தாற்போல இரைச்சல், அதற்கு அடியில் ஒரு குளிர்ந்த அமைதி. அந்த அமைதிக்குள்ளேயே இருந்துவிடலாம் என்று அவனுக்குத் தோன்றிய நேரத்தில் தலைமுடி பிடித்து இழுக்கப்பட்டது. ஹசன் அலி அவன் மார்பில் முழங்காலை ஊன்றி, குப்பியை வாய்க்குள் கவிழ்த்தான். "தின்னுலே! நீ தின்னு!" குப்பியின் விளிம்பு பட்டு முன்பல் ஒன்று முறிந்தது. பொடியும் ரத்தமும் குழைந்து தொண்டையை அடைத்தன. மிச்சப் பொடி அவன் முகத்திலும் சட்டையிலும் தரையிலும் கொட்டியது.

"ஹசனு, விட்டுருலே, செத்துருவான்!" என்று உம்மா ஹசன் அலியின் முதுகில் குத்திக்கொண்டே இருந்தாள். அவன் தோளை உலுக்கியதும் சுவரில் போய் விழுந்தாள்.

ஹசன் அலி எழுந்து மூச்சு வாங்கினான். பிறகு குனிந்து, சுல்தானைக் கம்பு நுனியால் வாசற்பக்கம் தள்ளத் தொடங்கினான். "நான் கொல்லல. கீழ நாய் நிக்கி. அதுக்கு எந்த ஹதீசும் கெடையாது."

கையில் அகப்பட்ட கண்ணாடிச் சில்லை யஹ்யா அவன் கெண்டைக்காலில் செருகினான். செருகிவிட்டு, அது எங்கோ எலும்பில் தட்டும்வரை அழுத்தினான். தன் கைக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்பதும், அது அவ்வளவு இனிக்கும் என்பதும் அவனுக்கு அதுவரை தெரியாது. ஹசன் அலி மாட்டைப்போலக் கத்தினான். மறுகாலால் யஹ்யாவின் வலதுகையை மிதித்தான். விரல்கள் முறிந்த சத்தம் உம்மாவுக்கும் கேட்டது. சுவரோரம் கிடந்த அவள் சில்லு பொறுக்கி நிமிர்வதைக் கண்டு, ரத்தம் சொட்டச் சொட்ட நொண்டிக்கொண்டு அவன் படியிறங்கினான்.

"ஆள கூட்டிக்கிட்டு வாரேன். கதவப் பூட்டிக்கிட்டு இரிங்க. இன்னைக்கு ஒங்க மையித்து விழும்லே!"

மும்தாஜ் பேகம் கீழே இறங்கித் தெருக்கதவைத் தாழிட்டாள். மேலே ஓடிவந்து மகனின் தலையைத் தூக்கினாள்.

"என்னைய விடுங்க. அதப் பாருங்க உம்மா."

தரையெல்லாம் வெட்டுக்கிளிகள் தத்திக்கொண்டிருந்தன. கொட்டிக் கிடந்த பொடியில் விழுந்து புரண்டு, அத்தனையும் வெள்ளை வெளேரென்று இருந்தன. அவற்றில் ஒன்று சுல்தானுக்கு முன்னால் போய் நின்று மீசையை ஆட்டியது. சுல்தான் பாய்ந்தது, தாடை தொய்ந்து, தப்பியது. மறுபடி பாய்ந்தது. இந்தமுறை பாதி உடல் வாய்க்குள், பாதி வெளியில். கடித்து இழுக்க அதற்குப் பலமில்லை.

"உள்ள தள்ளணும் உம்மா. ஏங் கை எந்திக்க மாட்டேங்கு. தாடைய ஏந்திப் பிடிச்சுத் தள்ளுங்க."

அந்தத் தவளையை அவள் இதுவரை தொட்டதே இல்லை. "கடிக்குமால?"

"கடிச்சா நல்லதுதான் உம்மா."

கீழே கதவை உதைத்தார்கள். ஆணிகள் கிரீச்சிட்டன. மும்தாஜ் பேகம் பிஸ்மி சொல்லி, ஒரு கையால் அந்தக் குழைந்த தாடையை ஏந்தி, மறுகையின் ஆட்காட்டி விரலால் வெட்டுக்கிளியைப் பைய உள்ளே தள்ளினாள். சுல்தான் கண்களை மூடி உள்ளே அமுக்கியது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

"முழுங்கிட்டுலே!"

"இன்னொண்ணு குடுங்க," என்றான் யஹ்யா.

அவள் முழங்காலில் நகர்ந்து அடுத்த வெட்டுக்கிளியைப் பிடித்தபோது கீழே தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது. படியில் பல கால்கள் ஏறிவந்தன.