இரண்டாம் வரிசை

பாதரச விளக்கு சூடேறச் சற்று நேரம் பிடிக்கும். அதற்குள் பிரணவி திரைச்சீலைகளை இழுத்துவிட்டாள். ஆக்லாந்து நகர மையத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் இயற்பியல் ஆய்வக உதவியாளர் அவள். நாளை மாணவர்கள் வருமுன், ஒளியின் நிறங்களைப் பிரித்து அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரைச் சரிபார்க்க வேண்டும். இங்கே பிற்பகல், திருச்சியில் காலை. மேசைமேல் சாய்த்துவைத்த போனில் அவள் கணவன் ஜனார்த்தன் காபி ஆற்றிக்கொண்டிருந்தான்.

அவனுக்கு விசா வந்து மாதம் ஒன்றாகிறது. ஒடாஹுஹு புறநகரில் வாடகைக்குப் பிடித்த வீட்டில் அலமாரியின் பாதியைக் காலியாக விட்டுவைத்திருக்கிறாள். டிக்கெட் போட்டாயா என்று கேட்க வாயெடுப்பாள். சாப்பிட்டாயா என்றுதான் வரும்.

கல்லூரியில் இருவருக்கும் ஒரே ஆய்வக மேசை. இருட்டறையில் அவள் தொலைநோக்கியில் கண்ணை வைத்திருப்பாள், அளவுகோலுக்கு அவன் டார்ச் பிடிப்பான். அதை அவள் முகத்துக்குப் பிடித்து வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

இப்போது தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள். நடுவில் எல்லா நிறமும் கலந்த வெள்ளைக் கோடு. தொலைநோக்கியைப் பக்கவாட்டில் நகர்த்தினால் கிரேட்டிங் கண்ணாடியின் நுண்கீறல்கள் அதையே ஊதா, பச்சை, மஞ்சள் என்று பிரித்துப் போட்டிருந்தன. அது முதல் வரிசை. இன்னும் தள்ளிப் போனால் அதே நிறங்கள் இரண்டாம் வரிசையாக மறுபடி வரும், அகலமாக, மங்கலாக. முன்னே ஒட்டிக்கொண்டு நின்ற இரண்டு மஞ்சள் கோடுகள் இங்கே நன்றாக விலகியிருந்தன. நடுவே இருட்டு. கண்ணை எடுக்காமலே கேட்டுவிட்டாள்.

"டிக்கெட் போட்டியா ஜனா?"

டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "வேலை பர்மனென்ட் ஆயிடுச்சு. போன வாரமே ஆர்டர் வந்துச்சு. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"அப்ப வரல."

"வரலன்னு சொல்லலயே பிரணவி. இப்ப விட்டா இது திரும்பக் கிடைக்காது."

கோபம் வந்திருந்தால் தேவலாம். பாழாய்ப்போன ஏக்கம்தான் வந்தது, அவன் பக்கத்தில் நின்றால் போதும் என்று. அளவைப் படிக்கக் குனிந்தாள். வீடியோ ஓடும்போது அந்தப் போனில் டார்ச் எரியாது.

"வெளிச்சம் பத்தல," என்றாள், பொதுவாக.

"போனை ஸ்கேல் பக்கம் திருப்பு."

திருப்பினாள். திரையில் அவன் முகம் சரிந்து மறைந்தது. சன்னல் கம்பி வந்தது, பிறகு வெறும் வானம். திருச்சியின் காலை திரை முழுக்க நிறைந்து, வட்ட அளவுகோலின் மேல் விழுந்தது. சின்னச் சின்னக் கோடுகள் தெரியத் தொடங்கின.

"தெரியுதா?" குரல் மட்டும் வந்தது.

படித்து முடித்த பிறகும் அவள், "இன்னும் கொஞ்ச நேரம் பிடி," என்றாள்.