கண்பட்டைக்குப் பின்னால்

குதிரை வண்டிப் போட்டி தொடங்கும் மணிக்காக அவள் காத்திருந்தாள். கையில் கடிவாள வார், முன்னால் குதிரையின் பழுப்பு முதுகு, அதற்கும் முன்னால் மைதானம் முழுக்க ஜோடி ஜோடியாக ஆரஞ்சு நிறக் கூம்புகள். ஒவ்வொரு கூம்பின் தலையிலும் ஒரு பந்து. வண்டி ஒவ்வொரு ஜோடிக்கு நடுவிலும் புகுந்து வர வேண்டும். சக்கரம் உரசிப் பந்து விழுந்தால் மதிப்பெண் போகும். குதிரை அடியோடு மறுத்துவிட்டால் போட்டியே போகும். இதெல்லாம் அவள் கணவன் சொல்லிக் கொடுத்தது. சமையலறை மேஜையில் உப்பு ஜாடியையும் முட்டைகளையும் ஜோடி ஜோடியாக நிறுத்தி, நடுவில் கரண்டியை வண்டியாக ஓட்டிக் காட்டுவான். இந்தப் போட்டியில் கலந்துகொள்ளப் பெயர் கொடுத்தவனும் அவன்தான். ஒரு காலையில் வேலைக்குப் போனவன், நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரியில் படுத்தான். திரும்பி வரவில்லை. அவனுடைய முதல் போட்டி இப்போது அவளுடைய முதல் போட்டி ஆகிவிட்டது.

குதிரைக்கு வீட்டில் மாப்பிள்ளை என்று பெயர். தண்ணீர் வாளியைக் கொண்டுபோய் வைத்தாலும், கூட நின்று கெஞ்சினால்தான் வாய் வைக்கும். "பொண்ணு வீட்டுல குத்தம் கண்டுபிடிக்க வந்தவன் மாதிரி நிக்குது பாரு" என்று மாமியார் சொல்லிச் சொல்லி, அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

வண்டியின் பின்படியில் கொழுந்தன் நின்றான். வளைவுகளில் வண்டி கவிழாமல் உடம்பைச் சாய்த்துக் கொடுப்பது அவன் வேலை. வாய் மட்டும் திறக்கக் கூடாது என்பது விதி. திறக்க வேண்டியதை அவன் நேற்றே திறந்துவிட்டான்.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. அது அண்ணன் கையில வளந்த குதிரை. உங்க பேச்சைக் கேக்காட்டி, என்னைக்காவது ரோட்டுல வச்சு உங்களைக் கவுத்துரும். நாளைக்குக் கேட்டுச்சுன்னா உங்ககிட்டயே இருக்கட்டும். இல்லன்னா குதிரையைக் கேட்டுட்டு இருக்காரே, அந்தப் பண்ணைக்காரர்கிட்ட விட்டுடலாம். நல்லாப் பாத்துக்குவாரு."

"கேக்கும் தம்பி."

அவள் சொன்னது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

அவளுக்குக் கண் ஆஸ்பத்திரியில் வேலை. கட்டுப் போட்ட கண்ணோடு வருகிறவர்கள் அவள் குரலைப் பிடித்துக்கொண்டே நடப்பார்கள். "ஒரு படி இருக்கு, பாத்து. அவ்வளவுதான், உக்காருங்க." வீராப்பாக வந்தவர்கள்கூட அந்தக் குரலுக்குக் குழந்தை மாதிரி உட்கார்ந்துவிடுவார்கள். இந்த ஒரு ஜீவனிடம் மட்டும் அது செல்லவில்லை. கணவன் போன பிறகு அவள் முதல் தடவை வண்டி பூட்டி, வாரை இழுத்து, "வலது" என்றபோது, குதிரை கழுத்தை மட்டும் திருப்பிக்கொண்டு நேராகவே நடந்து வேலியில் போய் நின்றது. தினமும் இதே கதைதான். ஒரு நாள் வலது வாரை இழுக்கும்போது தொண்டையில் தூசி ஏறி, அவள் தற்செயலாகச் செருமினாள். குதிரை அழகாக வலப்பக்கம் திரும்பியது.

கணவனுக்கு அந்தப் பழக்கம் உண்டு. எதையும் செருமித்தான் ஆரம்பிப்பான். சாப்பிட உட்காரும்போது, போனை எடுக்கும்போது, சண்டை போட வரும்போது, சமாதானத்துக்கு வரும்போது. வளைவு வரும்போதும் தனக்கே தெரியாமல் செருமியிருக்கிறான். குதிரை அவன் சொன்ன வலது இடதை விட்டுவிட்டு அந்தச் செருமலைப் படித்து வைத்திருக்கிறது. அது கேட்டால்தான் வார் இழுக்கும் பக்கம் திரும்பும். கண்ணுக்கு இரு பக்கமும் தோலாலான கண்பட்டை மறைத்திருக்கும்போது, வண்டியில் இருப்பது யாரென்று அதற்குத் தெரியாது. காதால்தான் ஆளைப் பார்க்கும்.

அவன் செருமலை அவள் பழகினாள். குழாயைத் திறந்துவிட்டு, பாத்திரச் சத்தத்துக்கு நடுவே, அடித்தொண்டையில் இரண்டு தட்டு, கடைசியில் ஒரு சின்ன இழுப்பு. ஒரு சாயங்காலம் அது அச்சு அசலாக வந்தது. கூடத்திலிருந்து மாமியார் குரல் கேட்டது.

"வந்துட்டியாப்பா?"

அவள் குழாயை மூடவில்லை. மாமியார் மறுபடி கேட்கவில்லை. அன்று சாப்பிடும்போது இருவரும் குழம்பில் உப்பு கூடியதைப் பற்றி நிறையப் பேசினார்கள்.

அதன்பிறகு, யாரும் பக்கத்தில் இல்லாத நேரங்களில், குதிரை அவளோடு ஓடியது. ஓட்டம் முடிந்ததும், கொட்டகைக்குள் அதைச் சுவரைப் பார்க்க நிறுத்தி வைத்துத்தான் கண்பட்டையைக் கழற்றுவாள். இறங்கியது யாரென்று அது பார்த்துவிடக் கூடாது. ஏமாற்றுகிறோம் என்று தெரிந்தேதான் செய்தாள். அவன் இன்னும் வண்டியில்தான் உட்கார்ந்திருக்கிறான் என்று நம்ப இந்த உலகத்தில் ஒரு உயிராவது இருக்கிறதே என்ற ஆறுதலை அவளால் விட முடியவில்லை.

மணி அடித்தது.

முதல் ஜோடி நேர்ப்பாதையில் இருந்தது. சிக்கல் இல்லாமல் தாண்டினார்கள். வளைவு வந்தபோது அவளுக்குத் தொண்டை கூசியது. பின்னால் நிற்பவன் கணவனுடைய தம்பி. செத்த அண்ணனின் குரலை அவன் காதுபட எப்படி எடுப்பது? "வலது, மாப்ளே" என்றாள், தன் சொந்தக் குரலில். குதிரை வேகம் குறைந்து நின்றது. இரண்டு காதுகளும் பின்னால் மடங்கி எதையோ தேடின. "வலது. போடா கண்ணா." அது அசையவில்லை. ஓரத்தில் நின்ற நடுவர் கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பின்படியிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அதில் பண்ணைக்காரரின் கொட்டகை அவளுக்குத் தெரிந்தது.

அவள் செருமினாள்.

வண்டி பின்பக்கம் குலுங்கியது. கொழுந்தன் கைப்பிடியைத் தவறவிட்டு மறுபடி பிடித்திருக்க வேண்டும். குதிரை அதற்குள் திரும்பியிருந்தது. அப்புறம் ஒவ்வொரு வளைவிலும் அவள் வெட்கத்தை விட்டுச் செருமினாள். குதிரை கூம்புகளுக்கு நடுவே தண்ணீர் மாதிரி ஓடியது. கடைசி வளைவில் அழுகை முட்டிக்கொண்டு வந்து அவளுக்குத் தொண்டை அடைத்தது. வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. குதிரையின் நடை தளர்ந்தது.

பின்னாலிருந்து செருமல் கேட்டது. அடித்தொண்டையில் இரண்டு தட்டு, கடைசியில் ஒரு சின்ன இழுப்பு. ஒரே வயிற்றில் பிறந்தவர்களின் தொண்டை. நடுவர் நிமிர்ந்து பார்த்தார். இருமியவனை யார் என்ன சொல்ல முடியும்? ஒரு பந்துகூட விழவில்லை.

வண்டியை அவிழ்த்துத் தள்ளி நிறுத்தியபோது கொழுந்தன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அம்மா ஒரு நாள் சொன்னாங்க அண்ணி, அண்ணன் சமையக்கட்டுல நிக்குற மாதிரி இருக்குன்னு. நான் அவங்களைத் திட்டிட்டேன்."

"நான்தான் தம்பி அது."

"குதிரை உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றான். அவள் பேச்சைக் கேட்டுவிட்டது என்று மட்டும் அவன் சொல்லவில்லை.

மைதானத்துக் கால்நடை மருத்துவர் வந்தார். "கண்பட்டையைக் கழட்டுங்கம்மா. கண்ணைப் பாக்கணும்."

அங்கே சுவர் இல்லை. நாலா பக்கமும் வெட்டவெளி. வாரைக் கழற்ற அவள் நேரம் எடுத்துக்கொண்டாள். கண்பட்டை இறங்கியதும் குதிரை தலையை உதறி அவளைப் பார்த்தது. கொழுந்தனைப் பார்த்தது. பிறகு கழுத்தை முழுதாகத் திருப்பி, புல்லில் தனியாக நின்ற வண்டியைப் பார்த்தது.

மருத்துவர் பார்த்துவிட்டுப் போனார். அவள் தண்ணீர் வாளியை அதன் முன் வைத்தாள். அது குனியவில்லை. தொண்டை வரை வந்த செருமலை அவள் விழுங்கிக்கொண்டாள்.

"குடி மாப்ளே" என்றாள். "நான்தான்."

ஒரு காது அவள் பக்கம் திரும்பியது. இன்னொன்று வண்டியின் காலி இருக்கைப் பக்கமே நின்றது.