பாக் விரியோவின் டேங்க் மூடி

துகிரானும் அவன் ஓட்டிய மஞ்சள் லாரியும் ஏறக்குறைய ஒரே வயது. இரண்டில் யாருக்கு மூட்டுவலி அதிகம் என்று சொல்வது கஷ்டம். லாரியின் பின்பலகையில் கண்ணீரோடு ஒரு பெண்ணை வரைந்து, கீழே ‘அழாதே, வந்துவிடுவேன்’ என்று எழுதியிருந்தது. எப்போது என்று எழுதவில்லை. அதைத்தான் சுமை ஏற்றுகிறவர்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

லாரி பாக் விரியோவுடையது; ‘பாக்’ என்பது அந்த ஊர் மரியாதை, நம் ‘ஐயா’ மாதிரி. சும்பெர்கெடாங் கிராமத்தில் விளையும் வாழைத்தாரில் பாதி அவருடைய கொட்டகைக்குத்தான் வரும், அங்கிருந்து துகிரான் அதை லுமாஜங் சந்தைக்குக் கொண்டுபோவான். பாக் விரியோ நல்லவர், தொழுகை தவறாதவர், கல்யாணத்துக்கும் சாவுக்கும் முதலில் போய் நிற்பவர். ஆனால் அவர் சந்தேகப்படாத பொருள் ஊரில் கிடையாது. தன் கோழி பக்கத்து வீட்டில் முட்டையிடுகிறதோ என்று ஒரு பகல் முழுக்கக் கோழியின் பின்னாலேயே நடந்த மனிதர் அவர்.

ஒருநாள் யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள், லாரிக்காரர்கள் வழியில் டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி விற்கிறார்கள் என்று. அன்றைக்கே பழைய மூடியைக் கழற்றி எறிந்தார். அதில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. அந்த ஓட்டையையும் அவர் முறைத்துப் பார்த்துவிட்டுத்தான் எறிந்தார். வெல்டிங் கடையில் சொல்லிக் கனத்த இரும்பில் ஒரு மூடி செய்து, உள்ளே ரப்பர் வைத்து இறுக்கி, வெளியே பூட்டுத் தொங்கவிட்டார். சாவி கறுப்புக் கயிற்றில் அவர் கழுத்தில் ஏறியது.

அந்த வாரத்திலிருந்துதான் லாரி நிற்க ஆரம்பித்தது.

ஊரைத் தாண்டி இலவமரத்து மேடு ஏறும்போது எஞ்சின் இருமும், இழுவை குறையும், அப்புறம் செத்துவிடும். துகிரான் இறங்கி, கைப்பம்பை அழுத்திப் பார்ப்பான். பம்பு கல்லாக இருக்கும், டீசல் ஏறாது. பிறகு முதலாளிக்குப் போன் போடுவான். பாக் விரியோ மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, முதலில் சாவியை எடுத்து மூடியைத் திறப்பார். மூங்கில் குச்சியை உள்ளே விட்டு டீசலை அளப்பார். கோடு வரைக்கும் ஈரம் இருக்கும். கொஞ்சம் ஏமாற்றத்தோடு மறுபடி பூட்டுவார். அப்புறம் பானெட்டின்மேல் கையை வைத்து, “ம், எடு” என்பார்.

லாரி கிளம்பிவிடும்.

“பாத்தியா? வண்டிக்கு முதலாளி யாருன்னு தெரியுது. உனக்குத்தான் தெரியல” என்பார்.

குஸ்னானின் பட்டறையில் லாரியைக் கொண்டுபோய் விட்டார்கள். குஸ்னான் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: “டீசல் வரலண்ணே.”

“அது எனக்கே தெரியும்டா. ஏன் வரலன்னு சொல்லு” என்றான் துகிரான்.

“அதைப் போகப் போகத்தான் பாக்கணும்.”

போகப் போகப் பார்த்தான். பில்டரை மாற்றினான். டீசலைத் தள்ளும் பீட் பம்பைப் பிரித்தான். குழாய் ஒவ்வொன்றையும் ஊதினான், உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றினான். டேங்கைக் கழுவ வேண்டும் என்று முதலாளியிடம் சாவி வாங்கி மூடியைக் கழற்றி ஜன்னலோரம் வைத்துவிட்டு, மத்தியானம் முழுக்க எஞ்சினை ஓடவிட்டான். ஒரு தும்மல்கூட இல்லை. “சரியாயிடுச்சு, எடுத்துட்டுப் போங்க” என்று மூடியை மாட்டிக் கொடுத்தான். இலவமரத்து மேட்டில் லாரி நின்றது. இப்படியே பில்டரும் பம்பும் குழாயும் புதிதாகி, கடைசியில் பழையதாக மிஞ்சியது பின்பலகைப் பெண்ணும் துகிரானும்தான்.

இலவமரத்தில் இருப்பவர் கிராம்புச் சிகரெட் கேட்கிறார் என்றார்கள். துகிரான் ஒரு பாக்கெட்டையே வைத்தான். அதை யார் புகைத்தார்களோ, லாரி நின்றது நின்றதுதான். கடைசியில் ஊர் தன் முடிவுக்கு வந்தது: முதலாளி வந்தால் ஓடுகிறது, டிரைவர் இருந்தால் நிற்கிறது, அப்படியென்றால் டிரைவர்தான் ஏதோ செய்கிறான். டேங்க் எப்போதும் நிறைந்துதானே இருக்கிறது என்று யாராவது கேட்டால், “அதுலதான் இருக்கு அவன் கெட்டிக்காரத்தனம்” என்று பதில் தயாராக இருந்தது.

துகிரானின் மனைவி காசியெம் சந்தை வாசலில் கீரையும் கடலைச் சாந்துமாகப் பெச்செல் விற்கிறவள். “உங்க வீட்டுல இன்னிக்கு டீசல் என்ன விலைடி?” என்று பக்கத்துக் கடைக்காரிகள் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொள்வார்கள். அவள் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பாள். ஆனால் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டுவிட்டாள்.

“ஏங்க, நெசமாவே நீங்க எடுக்கலல்ல?”

ஊர் முழுக்கச் சொன்னபோது துகிரானுக்குக் கோபம்தான் வந்தது. இவள் கேட்டபோது அழுகை வந்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

விடை வந்தது பாக் விரியோவின் மனைவி வாஸ்தி அம்மா வழியாக. ஊர்த்தலைவர் தேர்தலுக்குப் பெயர் கொடுக்க முதலாளி வட்ட அலுவலகத்துக்குப் போயிருந்த அன்று லாரி வழக்கம்போல மேட்டில் நின்றது. சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அந்த அம்மா ஸ்கூட்டரில் வந்து இறங்கி, கணவர் சொன்னபடியே டீசலைச் சரிபார்க்க மூடியைத் திருகினார். அது இறுகிக்கொண்டு வர மறுத்தது. இழுத்த இழுப்பில், ‘ஸ்ஸ்ஸ்ஸ்’ என்று நீளமாக ஒரு சத்தம்.

“ஐயையோ, உள்ளே என்னப்பா பாம்பு வளக்குறீங்களா?”

வழக்கமாகத் துகிரான் அந்த நேரத்தில் எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பான், டேங்க் பக்கம் வந்தால் முதலாளி முறைப்பார். இன்றைக்குத்தான் பக்கத்தில் நின்று கேட்டான். ஓடிப்போய்க் கைப்பம்பை அழுத்தினான். மெத்தென்று இறங்கியது. சாவியைத் திருப்பினான், லாரி கிளம்பியது. பானெட்டின்மேல் யார் கையும் இல்லை.

டீசல் வெளியே போனால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். இந்த மூடி மூச்சுவிட வழியே இல்லாமல் அடைத்துவிட்டது. முதலாளி ஒவ்வொரு தடவையும் திருட்டைத் தேடி மூடியைத் திறந்தார், காற்று உள்ளே போனது, லாரி ஓடியது. அவ்வளவுதான். துகிரானுக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரிக்கலாம் போலிருந்தது.

சாயங்காலம் தண்ணீர் பாட்டிலோடு முதலாளி வீட்டுக்குப் போனான். பாட்டிலை வாயில் வைத்து உறிஞ்சி, அது சுருங்குவதைக் காட்டினான். பாக் விரியோ பொறுமையாகப் பார்த்தார்.

“முதலாளி வராமலே வண்டி கெளம்பிடுச்சுங்க. மூடியைத் தெறந்ததும் கெளம்பிடுச்சு.”

“தெறந்தது யாரு?”

“அம்மா.”

“அவ யாரு? என் பொண்டாட்டி. அவ கை வேற, என் கை வேறயா?”

“இல்லீங்க முதலாளி, மூடியில சின்னதா ஒரு ஓட்டை போட்டா...”

பாக் விரியோ நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்: “அடியே வாஸ்தி! வந்து கேளு! டீசல் டேங்குல ஓட்டை போடணுமாம். என் டிரைவரே வாய்விட்டுக் கேக்குறான்!”

மறுநாள் காலையில் சந்தையில் அதுவும் பரவிவிட்டது.

தேர்தல் வேலையைப் பார்த்துக்கொண்டவன் முதலாளியின் மைத்துனன் தர்மாஜி. மாகாணத் தலைநகர் சுராபாயாவில் கொஞ்ச நாள் இருந்தவன், அதனால் எதையும் உரக்கச் சொல்வான். “மச்சான், செத்த லாரியே உங்க கை பட்டா எந்திரிக்குது. இந்த ஊரு எந்திரிக்காதா?” என்றான். இரண்டே நாளில் தெருவெல்லாம் பாக் விரியோவின் உள்ளங்கை தொங்கியது. கீழே, ‘நின்றதைக் கிளப்பும் கை’. ஓட்டுக்கு முந்தைய நாள் அலங்கரித்த லாரியில் ஊர்வலம், சந்தைக்கு எதிரே லாரி நிற்கும், அவர் இறங்கிக் கையை வைப்பார், லாரி கிளம்பும், ஜனம் கைதட்டும் என்று ஏற்பாடு.

“அன்னிக்குன்னு வண்டி நிக்காமப் போயிட்டா?” என்று பாக் விரியோ கவலைப்பட்டார்.

“டேங்க்கை ரொப்பிப் பூட்டி ஒரு சுத்து சுத்துனா கட்டாயம் நிக்கும் முதலாளி. அதுக்கு நான் பொறுப்பு” என்றான் துகிரான். “ஆனா கெளம்பணும்னா மூடியைத் தெறக்கணும்.”

தர்மாஜி முகத்தைச் சுளித்தான். “ஊரே பாக்குறப்போ குச்சியை விட்டு டீசல் அளந்துட்டு நின்னா கஞ்சப்பயன்னு சொல்லுவாங்க. கை மட்டும்தான். சாவி கழுத்தை விட்டு எறங்கக் கூடாது.”

“அப்போ கெளம்பாதுங்க.”

பாக் விரியோ குரலைத் தாழ்த்தினார். அவர் குரல் தாழ்ந்தால்தான் துகிரானுக்குப் பயம். “கெளம்பலைன்னா அது உன் வேலைதான். அங்கேயே, அத்தனை பேரு முன்னாடி, டீசல் திருடன்னு சொல்லுவேன். அப்புறம் லுமாஜங் வரைக்கும் எவனும் உன்னை ஸ்டீயரிங்கைத் தொட விடமாட்டான்.”

ஊர்வலத்தன்று ஒலிபெருக்கி அலறியது, லாரி முழுக்கத் தோரணம். டேங்க்கை வாய்வரை நிரப்பிப் பூட்டியது முதலாளியே. கிழக்குத் தெரு, மசூதித் தெரு, பாலம் என்று சுற்றி வந்து, சந்தைக்கு எதிரே ஏற்றத்தில் லாரி இருமியது, குலுங்கியது, நின்றது. ஜனம் ‘ஓ’வென்று கத்தியது. பாக் விரியோ மாப்பிள்ளை போல இறங்கினார். கையை உயர்த்தி ஊருக்குக் காட்டி, பானெட்டின்மேல் வைத்தார்.

“ம், எடு!”

துகிரான் சாவியைத் திருப்பினான். கர்ர்ர், கர்ர்ர். ஒன்றும் இல்லை.

“மறுபடியும் வைங்க மச்சான், அழுத்தி வைங்க” என்றான் தர்மாஜி. அழுத்தி வைத்தார். இரண்டு கையையும் வைத்தார். எதிர்க்கட்சி ஆள் ஒருவன் கூட்டத்திலிருந்து, “காலையும் வெச்சுப் பாருங்க பாக்!” என்றான். சிரிப்பு கிளம்பியது, லாரி கிளம்பவில்லை.

துகிரான் இறங்கி வந்து காதோரமாகச் சொன்னான்: “முதலாளி, சாவி. ஒரே நிமிஷம்.”

“சாவி இல்லாமக் கெளம்பணும். அதானே விஷயம்” என்று பல்லைக் கடித்தார் பாக் விரியோ. பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, விரலை உயர்த்தினார். “ஜனங்களே! இதோ நிக்கிறானே இவன்...”

என்ன வரப்போகிறது என்று துகிரானுக்குத் தெரியும். கடை வாசலில் கரண்டியும் கையுமாகக் காசியெம் நிற்பதும் தெரிந்தது. இந்த மனிதரிடம் மூச்சு, காற்று, ஓட்டை என்று பேசிப் பிரயோஜனம் இல்லை, அவர் காது திறப்பது ஒரே ஒரு வார்த்தைக்குத்தான். லாரியின் படிக்கட்டில் ஏறி நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

“ஆமா! நான் திருடன்தான்! டேங்குல ஒரு சொட்டு டீசல் கெடையாது! அத்தனையும் உறிஞ்சி வித்துட்டேன்!”

சந்தை அடங்கிவிட்டது. காசியெம் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. பாக் விரியோவின் கை மட்டும் யோசிக்கவே இல்லை. அது தானாகக் கழுத்துக்குப் போயிருந்தது. “மச்சான், சாவி வேணாம், மச்சான்!” என்று தர்மாஜி பின்னாலேயே ஓடினான். யார் கேட்டார்கள்? பூட்டைத் திறந்து, வராத மூடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார் பாக் விரியோ.

‘ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்.’

முன்வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது. அவர் குச்சியை விட்டு எடுத்தார். கைப்பிடி வரைக்கும் டீசல் வழிந்தது. அதற்குள் துகிரான் கைப்பம்பை நாலு அழுத்து அழுத்திவிட்டு உள்ளே ஏறிச் சாவியைத் திருப்பினான். லாரி கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு உறுமியது.

முதலில் சிரித்தது குஸ்னான். “அட என் தலையெழுத்தே! மூடியாடா! மூடியாடா!” என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு ஊரே சிரித்தது. காசியெம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, முதலாளி கையிலிருந்த குச்சியை வெடுக்கென்று பிடுங்கினாள். அதைப் பக்கத்துக் கடைக்காரிகள் ஒவ்வொருத்தி மூக்குக்கும் நேராகக் கொண்டுபோய் நீட்டினாள். “மோந்து பாருங்கடி! டீசல் என்ன விலைன்னு கேட்டீங்களே, இப்போ சொல்லுங்கடி!” அவள் கன்னமெல்லாம் கண்ணீர். 

பாக் விரியோ டேங்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நிமிர்ந்து கேட்டார்:

“அப்படின்னா, திரும்பக் கொண்டாந்து ஊத்துனது யாரு?”

மறுநாள் தேர்தலில் அவர் ஜெயித்துவிட்டார். நிறைந்த டேங்க்கையே நம்பாத மனுஷன் கையில் ஊர்ப் பணம் பத்திரமாக இருக்கும் என்று ஜனம் நினைத்ததாம்.

அதற்கு அடுத்த நாள் கொட்டகையில் வாழைத்தார் மஞ்சளாகி மணக்கத் தொடங்கியது. லாரியை எடுக்க ஆள் இல்லை. வந்த டிரைவர்கள் எல்லோரும் அந்த மூடியைப் பார்த்துவிட்டுக் கும்பிடு போட்டார்கள். புதுத் தலைவரே நடந்து காசியெமின் கடைக்கு வந்தார். துகிரான் காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

“பழம் கனியுது. வண்டியை எடு.”

“எப்படி முதலாளி எடுக்குறது? ஊரறியத் திருடன்னு நானே ஒத்துக்கிட்டேன். திருடனை வேலைக்கு வெச்சா தலைவருக்கு அசிங்கமில்லையா?”

“அது சும்மா சொன்னது. டேங்க்தான் ரொம்பியிருந்துச்சே.”

“அப்போ நான் எடுக்கலையா?”

பாக் விரியோ இப்படியும் அப்படியும் பார்த்தார். பக்கத்துக் கடைக்காரிகள் கீரையை அலசுவதை நிறுத்தியிருந்தார்கள். வாழைப்பழ வாசனை காற்றில் இங்குவரை வந்தது.

“எடுக்கல” என்றார், சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு.

“சந்தைக்குக் கேக்கணும் முதலாளி.”

“எடுக்கலடா! துகிரான் டீசல் எடுக்கல! போதுமா?”

காசியெம் ஒரு தட்டில் பெச்செலை எடுத்து வைத்து, கடலைச் சாந்தைத் தாராளமாக ஊற்றி, கணவன் முன்னால் வைத்தாள். துகிரான் நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டான். லாரியிடம் போனபோது பார்த்தான், இரும்பு மூடியின் நடுவில் ஆணியால் அடித்த ஒரு புது ஓட்டை, ஊசி நுழைகிற அளவுக்கு. அடித்தது யார் என்று அவன் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எஞ்சின் சத்தத்துக்கு நடுவே பாக் விரியோ ஜன்னலோரம் வந்து நின்றார். ஓட்டையை ஒரு தடவை பார்த்தார், துகிரானை ஒரு தடவை பார்த்தார். அவனுக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னார்:

“எடுக்கல. இதுவரைக்கும்.”