மேட்டுக்கதவு

ரெயின்ஸ்கில் உறைவிடப் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக நான் சேர்ந்த முதல் குளிர்காலத்திலேயே, பெரிய ஓட்டத்தில் கடைசி ஆளாக ஓடும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஜனவரியில் பள்ளி முழுவதும் மேட்டு நிலத்தைச் சுற்றி ஓடி, பின்பக்க மதிலில் இருக்கும் மேட்டுக்கதவு வழியாக உள்ளே வரவேண்டும். பிள்ளைகள் யாரும் பின்தங்கிப் போய்விடாமல் பார்த்துக்கொண்டு ஓர் ஆசிரியர் எல்லோருக்கும் பின்னால் வருவார்.

எனக்கு முன் அந்த வேலையைச் செய்தவர் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "பின்னாடி யாரோ ஓடி வர்ற மாதிரியே இருக்கும். திரும்பிப் பாக்காதீங்க. ரெண்டு வருஷத்துல பழகிடும்."

பழகத்தான் செய்தது. ஓடையைத் தாண்டியதும் ஆரம்பிக்கும். ஈரப் புல்லில் சின்னக் கால்கள், கொஞ்சம் திணறும் மூச்சு. கதவு வரை வரும், அங்கே நின்றுவிடும். நான் பிசாசுகளை நம்புகிறவள் இல்லை. ஆனால் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

அது யாரென்று பிள்ளைகளைக் கேட்டால் லூசியன் ஃபேரோ என்பார்கள். விக்டோரியா ராணி காலத்தில் பெரிய ஓட்டத்தின்போது செத்துப்போன சிறுவன். பள்ளித் தேவாலயச் சுவரில் அவன் பெயரில் ஒரு கல் இருக்கிறது: 'பனியில் வழி தவறினான், ஆண்டவர் வீடு சேர்த்தார்.'

பள்ளியை நிறுவியவர் ஒரு கம்பளி வியாபாரி. தாமதத்தைப் பொறுக்காத மனிதர். சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள் போடவேண்டும், வெளியே நிற்கிறவனுக்கு அன்று சாப்பாடு கிடையாது என்று விதி எழுதிவைத்துவிட்டுப் போனார். நூற்றாண்டுக் கணக்கில் அதைக் காப்பாற்றினார்கள். சிவந்த முகமும் கோடு போட்ட டையுமாகப் பழைய மாணவர்கள் இன்றைக்கும் விருந்துகளில் அதைச் சொல்லிப் பெருமைப்படுவார்கள். பெரிய ஓட்டத்தன்று மட்டும் இருட்டும்வரை மேட்டுக்கதவைத் திறந்தே வைக்கும் வழக்கம் இடையில் எப்போதோ வந்திருந்தது. யார் தொடங்கியது, ஏன் என்று எவருக்கும் தெரியவில்லை.

புதுத் தலைமை ஆசிரியர் டாக்டர் லேபர்ன் லண்டனிலிருந்து வந்தவர். நல்ல மனிதர், ஆனால் வேகம். அந்தக் கோடையில் மேட்டுக்கதவின் பழைய ஓக் பலகைகளைக் கழற்றிவிட்டு, இரும்பில் கதவு செய்து மின்பூட்டு பொருத்தினார்.

"ஓட்டத்தன்னிக்கு அதைத் திறந்தே வைப்பாங்க சார்," என்றேன்.

"எதுக்கு?"

"வழக்கம்."

"மெரியல், கண்டவன் உள்ள வர்ற கதவை மத்தியானம் பூரா திறந்து போட்டா, பெத்தவங்க என்னைத்தான் கேப்பாங்க. கார்டு வெச்சா திறக்கப்போகுது. உங்ககிட்டயும் ஒண்ணு இருக்குமே."



அந்த வருடம் பாதி ஓட்டத்தில் பனி கொட்ட ஆரம்பித்தது. ஓடையருகே டாம்சின் ஓக்ஷாட் என்ற சிறுமி கணுக்கால் பிசகி உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் மேட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள். அவளைத் தூக்கி ஓடையைக் கடக்கும்போது வழுக்கி இருவரும் தண்ணீரில் விழுந்தோம். என் செல்போன் அத்தோடு செத்தது. தாங்கித் தாங்கி அவளைக் கதவுக்குக் கொண்டுவருவதற்குள் வெளிச்சம் மங்கிவிட்டது. கார்டை வைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. பள்ளிக் கட்டடத்தில் ஒரு விளக்குகூட எரியவில்லை. பனியில் மின்சாரம் போயிருந்தது. அந்தப் பூட்டு மின்சாரம் இல்லாவிட்டால் பூட்டியபடியே நின்றுவிடும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

முஷ்டியால் குத்தினேன், கத்தினேன். கதவுக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவே பெரிய விளையாட்டு மைதானம். காற்று என் குரலை மேட்டுப் பக்கமாகவே திருப்பி அடித்தது. டாம்சினை மதிலோரம் உட்காரவைத்து என் சட்டைக்குள் அணைத்துக்கொண்டேன். அவள் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

"மிஸ், இவன் கேக்கறான், மணி அடிச்சாச்சான்னு."

"யாரு?"

"உங்க பின்னாடிதான் நிக்கறான்."

நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். "தூங்கிடாத டாம்சின். பேசிட்டே இரு."

"கத்தாதீங்கன்னு சொல்றான் மிஸ். உள்ள இருக்கறவங்களுக்கு நல்லாவே கேக்குமாம். போன தடவையும் கேட்டுச்சாம். ரொம்ப நேரம் தட்டினானாம். மணி அடிச்சிடுச்சுன்னு யாரும் எழுந்திரிக்கலயாம்."

குளிரில் பிதற்றுகிறாள் என்று நினைக்கப் பார்த்தேன். அந்தக் கல்லில் இருந்தது வழி தவறிய பையன். வழி தெரிந்து, கதவு வரை ஓடிவந்த பையனைப் பற்றி எங்களில் யாரும் கேள்விப்பட்டதே இல்லை.

என் வாயிலிருந்து தானாக வந்தது: "அவனை இன்னொரு தடவை தட்டச் சொல்லு."

அவள் தலையைத் திருப்பி ஏதோ முணுமுணுத்தாள். என் தோளுக்குப் பக்கத்தில் ஒரு குளிர் நகர்ந்தது. பிறகு சத்தம் வந்தது. இரும்பில் அடித்தால் எழுகிற சத்தமில்லை அது. கனத்த ஓக் பலகையை இரண்டு சின்னக் கைகள் சேர்ந்து அடிக்கும் சத்தம். நின்று, மறுபடி அடித்தது.

கொஞ்ச நேரத்தில் மைதானத்தின் நடுவே ஒரு டார்ச் ஆடி ஆடி வந்தது. டாக்டர் லேபர்ன் கோட்டுகூடப் போடாமல் ஓடிவந்தார். கைச்சாவியால் பூட்டைத் திறந்து டாம்சினை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். நான் உள்ளே வந்து கதவைச் சாத்தப் போனேன்.

"இருங்க," என்றார்.

டார்ச்சை வெளியே காட்டினார். பனியில் எங்கள் தடங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கால்தடம், சின்னது, கதவோடு நின்றிருந்தது. பேய்க்கதை சொன்ன பையன்களைக் கூப்பிட்டுக் கண்டித்த மனிதர் அவர்.

"உள்ள வாப்பா," என்றார். "சூப் சூடா இருக்கு."

நாங்கள் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டோம். எதுவும் கடந்து போனதாக எனக்குத் தெரியவில்லை. சிறிது நேரம் கழித்து அவரே கதவைச் சாத்தினார்.

கூடத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். நாங்கள் வரவில்லை என்பதை அந்த இருட்டில் யாரும் கவனிக்கவில்லை. தட்டும் சத்தம் அவர்களுக்கும் கேட்டிருக்கிறது. சாப்பாட்டுக் கூடத்துக் கதவைத்தான் யாரோ தட்டுகிறார்கள் என்று நினைத்துத் திறந்து பார்த்தார்களாம். அங்கே யாருமில்லை, சத்தம் மேட்டுக்கதவுப் பக்கமிருந்து வந்ததாம். "மரக்கதவு சத்தம் மெரியல்," என்று லேபர்ன் பலமுறை சொன்னார். "அந்த மரத்தை நான்தான கழட்டி வித்தேன்."

டாம்சினுக்குக் கால் சரியாயிற்று. அன்று பேசியது எதுவும் அவளுக்கு நினைவில்லை. கல்லில் இருக்கும் வாசகத்தை மாற்றவேண்டும் என்று லேபர்ன் நிர்வாகக் குழுவிடம் வாதாடினார். ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். கால்தடம் எப்போதோ கரைந்துவிட்டிருந்தது. கல் அப்படியே இருக்கிறது. பூட்டை மட்டும் அவர் எடுத்துவிட்டார்.

அடுத்த ஜனவரியில் ஓடையைத் தாண்டி வழக்கம்போல் காதைத் தீட்டிக்கொண்டு ஓடினேன். என் ஷூ சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. முதன்முறையாக நின்று திரும்பிப் பார்த்தேன். வெறும் மேடு. சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். ஏனோ ஓடைப் பக்கமாகக் கொஞ்ச தூரம் திரும்பி நடந்து பார்த்தேன்.

மறுவாரம் காலை இடைவேளையில், சின்னப் பையன்களின் விடுதியைக் கவனித்துக்கொள்ளும் மிஸஸ் பைபஸ், ஆசிரியர் அறையில் என்னோடு டீ குடித்துக்கொண்டிருந்த லேபர்னிடம் வந்தார்.

"சார், ஜன்னலோரக் கட்டில் இந்த வருஷம் யாருக்கும் குடுக்கல. ஆனா தினம் காலைல மெத்தை நனைஞ்சு கிடக்கு. கூரை ஒழுகல, பாத்துட்டேன். பசங்க வேற, ராத்திரியெல்லாம் யாரோ பல்லைக் கடிச்சிட்டு நடுங்கறான்னு சொல்றாங்க. கட்டிலை எடுத்துடவா?"

லேபர்ன் என்னைப் பார்த்தார். டீ கோப்பையைக் கீழே வைத்தார்.

"வேண்டாம். ஹீட்டர் பக்கமா நகத்திப் போடுங்க," என்றார். "கம்பளி இன்னொண்ணு இருந்தா அதையும் போடுங்க."