தினமும் எட்டுப் பைசா

பாலக்கோடு தக்காளி மண்டியில் மாதவராஜுக்கு இருபது வருடக் கமிஷன் வியாபாரம். விடிகாலை விலை ஏழு மணிக்கு இருக்காது. இறங்குகிறது என்று தெரிந்தால் உடனே தள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் குப்பைக்குத்தான் போகும். அப்படிப் பழகிய மனிதரிடம் மியூச்சுவல் ஃபண்டின் தினசரி விலையை எக்செல் ஷீட்டில் போட்டு, போனில் திறந்தும் கொடுத்தாளே மனைவி சுமலதா, அவளை என்ன சொல்ல!

பத்தாவது படிக்கும் மகள் ஐஸ்வர்யாவின் கல்லூரிக்காக ஆறு வருடம் மாதாமாதம் கட்டிய பணம் அது. கணக்கு அவர் பேரில். ஷீட் போட்டது அவள். பள்ளிக்கூட ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை அவளுக்கு. விலை இணையத்திலிருந்து தானாக வந்து விழும். பின்னாலேயே மாதவராஜின் போனும் வரும்.

“சுமா, முப்பது பைசா எறங்கிருச்சு. வித்துரலாமா?”

“ஏங்க, அதென்ன தக்காளியா அழுவிப் போறதுக்கு? இன்னும் ரெண்டு வருசம் கெடக்கட்டும் வுடுங்க.”

“நேத்தும் எறங்குச்சே!”

“நாளைக்கி ஏறும். ஹெச்.எம். கூப்புடறாங்க, வைங்க.”

பங்குச் சந்தை சரியத் தொடங்கியதும் ஒரு நாளைக்கு ஆறு போன். விலை ஒரு நாளைக்கு ஒருமுறைதான் மாறும் என்று தலைதலையாய் அடித்துக்கொண்டாள், கேட்டால்தானே! ஒருநாள் ஃபண்டு ஏஜெண்டிடம் போய் விற்பதற்கான ஃபாரத்தையே வாங்கி வந்துவிட்டார். அதைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டவள், அன்றைக்கே ஷீட்டில் இணையத்து விலையை நீக்கிவிட்டு, நேற்றைய விலையோடு தினமும் எட்டுப் பைசா கூட்டச் சொல்லி ஒரு ஃபார்முலா எழுதினாள். சந்தை நிமிர்ந்ததும் பழையபடி மாற்றிக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம்.

மூன்று மாதம் போன் இல்லை, புலம்பல் இல்லை. நிம்மதியாக இருந்தது. நிஜ விலை மட்டும் இறங்கிக்கொண்டே போனது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மாதவராஜ் மைசூர்பாகோடு வீட்டுக்கு வந்தார். “மொத்தத்தையும் வித்துட்டேன் சுமா!”

“ஏங்க வித்தீங்க? ஏறிட்டுத்தானே இருந்துச்சு?”

“அதான்! மூணு மாசமா ஒருநாள்கூட எறங்கல. இப்படி நிக்காம ஏறுற வெல திடீர்னு வுழுந்துரும். எத்தன சீசன் பாத்திருக்கேன்! உச்சத்துல இருக்கறப்பவே தள்ளிரணும். பேங்க் மெசேஜ் வந்திருக்குது, எவ்வளவுன்னு பாரு.”

அவள் பார்த்தாள். போனைத் திருப்பி அவரிடம் நீட்டினாள்.

“மூணு லட்சத்து நாப்பதாயிரமா? ஷீட்டுல நாலரை இருந்துச்சே!” அவர் முகம் சிவந்தது. “அந்த ஏஜெண்டு கை வெச்சிட்டான். புள்ள காலேஜ் காசுடி! சட்டையப் புடிச்சுக் கேக்கறேன், இரு.”

வண்டிச் சாவியை எடுத்தவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவரு மேல தப்பில்லீங்க. ஷீட்டுலதான் தப்பு. நாந்தான் வெலய மாத்தி எழுதுனேன்.”

“எதுக்கு?”

“நீங்க வித்துரக் கூடாதுன்னுதாங்க.”